சூளை மேல் வைத்த தேன்

ஸ்தனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை முழுசாகச் சொல்கிறவர்கள் விருத்தாசலத்தில் ரொம்பக் குறைச்சல். பூசையில் வாசகம் வாசிக்க ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குச் சாமியார் சொல்வார். மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் தனிசு. பொண்டாட்டி அருள்ஜோதிக்கு வெறும் 'ஏங்க'. அந்த முழுப் பெயரை அச்சில் பார்க்கவேண்டும் என்று ஒரு மனுசன் ஆசைப்பட்டால் அது என்ன பெரிய குற்றமா? ஆசைப்பட்டார், பார்க்கவும் செய்தார். ஆசையால்தான் கெட்டார் என்று பேட்டையில் சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

தொழிற்பேட்டையில் பச்சமுத்து என்பவரின் பீங்கான் பட்டறையில் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அவர் அரவைக் கொட்டகை ஆள். வெள்ளைக் கல்லை உருளையில் போட்டு மாவாக அரைத்து, சலித்து, களிமண்ணோடு சேர்க்கிற வேலை. அந்த மாவு சேராமல் ஃபியூஸ் கட்டையும் இல்லை, பொம்மையும் இல்லை, ஊறுகாய் ஜாடியும் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். வாசல் நிலைக்கு வெளிப்பக்கம் அருள்ஜோதி ஒரு ஆணி அடித்து வைத்திருந்தாள். சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

"உள்ள கொண்டாராதீங்க, சோத்துல வுழுவுது" என்பாள்.

சோற்றில் விழுந்தது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் விழுந்தது அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தெரிய வந்தது ஒரு தவக்காலத்தில். சிலுவைப்பாதைக்கு அவர்தான் பாட்டு எடுத்துக் கொடுப்பார். பதினாலு தலமும் குரல் கம்மாமல் பாடுகிற ஆள் என்று பங்கில் பெயர். அந்த வருசம் மூன்றாம் தலத்திலேயே இருமல் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஜனங்கள் முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரோ பாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கடலூரில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"காசநோய்னு பயந்தீங்களா? அது இல்ல. கல்லு மாவு. உள்ள போனது போனதுதான், அதை எடுக்க மருந்து கிடையாது. இனிமே போகாம பாத்துக்குங்க. அந்த வேலைய விட்டுடுங்க. விட்டீங்கன்னா இருக்கற மூச்ச வெச்சிக்கிட்டு ரொம்ப நாளைக்கு ஓட்டலாம்."

வேலையை விட்டுவிடு என்று சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிசம் போதும். விட்டவன் எதைத் தின்பது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அருள்ஜோதி அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கி நின்றதும் சொன்னாள்:

"பிச்ச எடுத்தாலும் பரவால்ல. நீங்க அந்தக் கொட்டாய்க்குப் போவக்கூடாது."

தேன்பெட்டி வந்தது அந்தச் சமயத்தில்தான். பங்கின் சமூக சேவைக்காரர்கள், தூசு வேலையால் உடம்பு கெட்டவர்களுக்கென்று தேனீ வளர்க்கப் பயிற்சி வைத்தார்கள். திட்டக்குடியிலிருந்து பூங்கோதை என்ற பெண் பஸ்ஸில் வந்து சொல்லிக் கொடுத்தாள். பயிற்சி முடிந்ததும் பூச்சியோடு பெட்டியும் கொடுத்தார்கள். முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் பெட்டிகளை மர நிழலில் வைத்துக்கொள்ளச் சொன்னார், பூச்சி வந்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று அவருக்கும் ஒரு கணக்கு.

பச்சமுத்துவையும் குறை சொல்லக்கூடாது. அவர் ஸ்தனிஸ்லாஸை அரவையிலிருந்து எடுத்துச் சூளைக் காவலுக்குப் போட்டார். அங்கே தீ உண்டு, தூசு இல்லை.

"இங்க பாரு தனிசு, இந்தப் பொங்கல் இல்ல, அடுத்த பொங்கல் வரிக்கும்தான். அப்பறம் சூளைக்கு என் மச்சான் மவன் வரான், வூட்ல பேச்சு குடுத்துட்டேன். அதுக்குள்ள ஒன் தேன் யாவாரம் நின்னுக்கட்டும். நிக்கலன்னா எங்கிட்ட அரவை மட்டுந்தான் இருக்கும். அப்பறம் என்னை வையக்கூடாது."

ஆக விசயம் இதுதான். பொங்கலுக்குள் தேன் நின்றால் மனிதன் பிழைப்பான். இல்லையென்றால் திரும்பவும் கல்மாவு.

ஆனாலும் அந்த வருசம் சந்தோசமான வருசம், அதை மறைப்பானேன். சுனாமி வந்துபோன கையோடு முந்திரி பூத்தது. தோப்புக்குள் நுழைந்தாலே மணம் தலையைச் சுற்றும். காலையில் ஸ்தனிஸ்லாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூச்சிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. அருள்ஜோதி ஒரு நாள் அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையில் சுண்ணாம்பை அப்பினாள்.

தேன் வந்தது, நிறைய வந்தது. அதை யார் வாங்குவது? பங்கு ஜனம் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிவிட்டு, 'வூட்ல இருக்குது தனிசு' என்று நழுவிவிட்டது. கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ராஜாங்கத்திடம் போனார். அவர் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ருசி நல்லாத்தான் இருக்குது. ஆனா நீ குவாட்டர் பாட்டில்ல ஊத்தி, காயிதத்த உருட்டி அடச்சி கொண்டாந்தா நான் எங்க வெக்கறது? முந்தி மாதிரி இல்லப்பா. பேரு இல்லாம, தேதி இல்லாம வெச்சா ஒனக்கும் கேஸு, எனக்கும் கேஸு. லைசென்ஸு எடு, லேபிள் ஒட்டு, டெஸ்ட்டு பண்ணின சீட்டு கொண்டா. நீ கொண்டார அத்தினியும் நான் எடுத்துக்கறேன். சேத்தியாத்தோப்புல என் மச்சினன் கடைக்கும் அனுப்பறேன்."

அத்தனையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு கடைக்காரன் சொன்னால் போதாதா? ஸ்தனிஸ்லாஸுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. நேரே அச்சகத்துக்குப் போனார். அச்சகத்துக்காரனிடம் ஏற்கெனவே யாருக்கோ போட்ட தேன் லேபிள் ஒன்று இருந்தது. அதிலேயே மாதா படத்தைச் சேர்த்து மாதிரி ஒன்று அடித்துக் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு நகராட்சியில் உணவு ஆய்வாளர் தர்மராஜைப் பார்க்கப் போனார்.

தர்மராஜ் கண்ணியமான ஆள். நிற்க வைத்துப் பேசமாட்டார். ஸ்தனிஸ்லாஸை உட்காரச் சொல்லிவிட்டு, சிவப்பு மையால் லேபிளை அடித்துக்கொண்டே போனார்.

"'அசல் மலைத்தேன்'னு போட்டிருக்கு. எந்த மலைங்க?"

"அது… அச்சாபீஸுல ஏற்கெனவே இருந்துச்சிங்க சார்."

"நம்ம ஊருக்குப் பேர்லதான் மலை இருக்குது. எடுத்துடுங்க. மில்லி போடக்கூடாது, தேன்னா கிராம்லதான் போடணும். அடச்ச மாசம், வருசம், லாட் நம்பர், அதிகபட்ச விலை, இத்தனையும் வரணும். பாட்டிலு புதுசா இருக்கணும், பிராந்தி பாட்டிலெல்லாம் கூடாது. மாதா படம் வேணாம். அப்பறம் இது என்ன, 'இருமல், சளி, இளைப்பு அடியோடு தீரும்'? மருந்துன்னு சொல்லி விக்கக்கூடாதுங்க. இத எடுத்தே ஆவணும்."

அந்த நேரம் பார்த்தா ஸ்தனிஸ்லாஸுக்கு இருமல் வரவேண்டும்? வந்தது, நிற்கவும் இல்லை. தர்மராஜ் பேனாவை வைத்துவிட்டு, மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். இருமல் அடங்கியதும் இரண்டு பேரும் அந்த வரியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

"கீழ உங்க முழுப் பேரு, கதவு நம்பரோட விலாசம் வரணும்" என்றார் தர்மராஜ்.

"முழுப் பேருங்களா சார்?"

"ஆமாங்க. தயாரிச்சவர் பேரு. பட்டப்பேரெல்லாம் போடக்கூடாது."

அப்புறம் சோதனையைப் பற்றிச் சொன்னார். தானே வீட்டுக்கு வந்து தேன் எடுத்து, சீல் வைத்து அனுப்புவாராம். "சக்கரப் பாகு எதுவும் கலந்திருக்கக்கூடாது. ஈரம் நூத்துக்கு இருவத்தஞ்சுக்கு மேல இருக்கக்கூடாது. அது ரெண்டும் சரியா இருந்தா உங்களுக்குக் கவலையில்ல."

சக்கரையைப் பற்றி ஸ்தனிஸ்லாஸ் கவலையே படவில்லை. தன் தேனில் ஒரு மணி சக்கரை கிடையாது என்று அவருக்குத் தெரியும். காதில் போய் ஒட்டிக்கொண்டது ஈரம் என்ற ஒரு சொல்தான். பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று வெளியாட்களுக்குச் சொல்லவேண்டும். ஈரம் காயாத ஒரு சாமானைச் சூளைக்குள் வைத்தால் அது வெடிக்கும். அது மட்டும் வெடித்தாலும் போகிறதென்று விடலாம், பக்கத்தில் இருக்கிற அத்தனையையும் சேர்த்து நொறுக்கும். அதனால் சூளையின் முதுகில் எப்போதும் வரிசையாக ஈரச் சாமான் அடுக்கியிருக்கும். சூட்டில் நன்றாகக் காய்ந்து, தட்டினால் 'டங்' என்று சத்தம் வந்தால்தான் உள்ளே போகும். ஈரம் என்றால் சூளை மேல் வை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம் அதுதான், அந்தப் பேட்டையில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

அவர் தேன் தண்ணீராகத்தான் இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. பூச்சி அடையை மெழுகால் மூடின பிறகுதான் தேன் எடுக்கவேண்டும், பெட்டியில் பூச்சிக்கும் கொஞ்சம் விடவேண்டும் என்று பூங்கோதை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பொங்கலுக்குள் நிற்கவேண்டிய மனிதனுக்கு மெழுகு மூடுகிறவரை எங்கே பொறுமை? எடுத்தார், எல்லாவற்றையும் எடுத்தார்.

அந்த வருசத்துத் தேன் முழுவதையும் ஊறுகாய் ஜாடிகளில் ஊற்றி, வாயில் துணி கட்டி, சூளை முதுகில் ஏற்றினார். உள்ளே நெருப்பு, மேலே தேன். சூடு ஏறிக் கிடந்த அந்தச் செங்கல் மேல் ஜாடிகள் நாள்கணக்கில் இருந்தன. அவர் அவ்வப்போது ஏறிப் போய்க் கிளறிவிட்டு வருவார். மஞ்சளாக இருந்தது சிவந்தது, அப்புறம் கறுத்தது. கரண்டியில் எடுத்தால் தண்ணீராக ஒழுகினது இப்போது கயிறாக இறங்கிற்று. பச்சமுத்துகூட ஒரு நாள் விரலில் தொட்டுப் பார்த்தார்.

"பாகு மாதிரி இருக்குதேடா."

"ஈரம் போயிடுச்சிங்க முதலாளி" என்றார் ஸ்தனிஸ்லாஸ். பாகு என்ற சொல் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. விழுந்திருக்கக் கூடாதா?

லேபிளும் வந்து சேர்ந்தது. மாதா இல்லை, மலை இல்லை, இருமல் இல்லை. 'தேன்' என்று பெரிதாக, கீழே நிகர எடை, அடைத்த மாதம், தயாரிப்பாளர்: அ. ஸ்தனிஸ்லாஸ். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருள்ஜோதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"கல்யாணப் பத்திரிகைலகூட தனிசுன்னுதான் போட்டாங்க."

தர்மராஜ் தேன் எடுக்க வருவதாகச் சொன்ன அன்று காலை அவள் அடுக்குப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் முதலில் எடுத்த தேனில் வீட்டுக்கென்று அவள் ஒதுக்கி வைத்தது. சூளைக்குப் போகாதது.

"ஏங்க, இதக் குடுங்க. பெட்டில இருந்து வந்தது வந்தாப்பல இருக்குது."

"தண்ணியா ஓடுது, அதப் போயி குடுப்பாங்களா?"

"ஓடுனா ஓடட்டும். அது வேற எங்கயும் போவல. நீங்க சூளை மேல வெச்சது வேற நிறமா இருக்குது, வாசனயே மாறிப்போச்சி. எனக்கு என்னமோ மனசு ஒப்பல."

"ஜோதி, ஈரத்தப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராத. அந்த ஆபீஸரு வாயாலயே சொன்னாரு, ஈரம் இருக்கக்கூடாதுன்னு. இதக் குடுத்தா மொத அடியிலயே ஃபெயிலு. உள்ள கொண்டு போயி வெய்யி."

அவள் கொண்டுபோய் வைத்தாள். அதற்கு மேல் அவளும் என்ன செய்வாள்? தர்மராஜ் வந்தார். கறுத்துக் கெட்டியாக இருந்த தேனைப் புதுப் பாட்டில்களில் வாங்கி, நூல் சுற்றி, அரக்கு வைத்து சீல் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரொம்பக் கெட்டியா இருக்குதே, நல்ல தேன் போலிருக்குது" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தார்.

முடிவு ஆவணி மாதம் வந்தது. தர்மராஜ் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, இந்தத் தடவையும் உட்காரச் சொன்னார். சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

"ஈரம் சரியா இருக்குதுங்க. ரொம்பக் கம்மியாவே இருக்குது. ஆனா சக்கரப் பாகு கலப்படம்னு வந்திருக்குது."

"சார்?"

"தேன்ல பாகு கலந்தா ஒரு சிவப்பு நிறம் வரும், அந்த டெஸ்ட்டுல வந்திருக்குது. என்ன பண்ணீங்க?"

"மாதா சத்தியமா சொல்றேன் சார், ஒரு மணி சக்கர நான் போடல. ஈரம் போவணும்னு சூளை மேல வெச்சேன். வேற ஒண்ணுமே பண்ணல."

தர்மராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதாங்க. தேன ரொம்ப நாளு சூட்டுல வெச்சாலும் பாகு காய்ச்சினா வர்ற அதே சமாச்சாரம் அதுக்குள்ள வந்துடும். டெஸ்ட்டுக்கு இது அதுவா, அது இதுவான்னு பிரிச்சிச் சொல்லத் தெரியாது. நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியுது. ஆனா இத வெச்சிக்கிட்டு நான் லைசென்ஸ் தர முடியாது. கடையில இருந்து எடுத்திருந்தேன்னா இன்னேரம் நீங்க கோர்ட்டுல நின்னுருப்பீங்க. அந்த மட்டுக்கும் போச்சின்னு வெச்சிக்குங்க."

சூடு காட்டாத பாட்டில் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். அருள்ஜோதி பானைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தாள். நுரை கட்டி, மூடி தெறித்து, புளித்த வாடை அடித்தது. ஈரம் இருந்தால் கெடும் என்று அவர் பயந்ததும் வீண் பயம் இல்லை, பாருங்கள். வைத்திருந்தாலும் கெட்டது, காய்ச்சினாலும் கெட்டது. மெழுகு மூடுகிறவரை காத்திருக்கவேண்டும், அது ஒன்றுதான் வழி, அதற்குத்தான் அவருக்கு நாள் இல்லை.

தர்மராஜ் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். முந்திரி திரும்பப் பூக்கும்போது, அடை மூடின பிறகு எடுத்து, சூடு காட்டாமல் கொண்டுவாருங்கள், நான் உடனே அனுப்பி வைக்கிறேன் என்று. பச்சமுத்துவும் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, மச்சான் கிட்ட நான் பேசிக்கறேன். பூ முடியற வரிக்கும் சூளையிலயே இரு" என்றார். ஆக இன்னும் ஒரு நூல் அறுபடாமல் இருந்தது. பூச்சிகள் மழைக்காலத்தைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் பூ கிடையாது. பூச்சிக்குத் தீனியாகச் சக்கரைத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று பூங்கோதை சொல்லிக் கொடுத்திருந்தாள். சக்கரை வாங்க ஸ்தனிஸ்லாஸ் ரேஷன் கடைக்குப் போனார், பையோடு வரிசையில் நின்றார். சங்கதி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. பின்னால் நின்ற ஒருவன், நல்லவன்தான், சும்மா வாய் வைத்தான்:

"என்னா தனிசு, இந்த மாசம் தேனுக்கு எத்தினி கிலோ?"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வேறு ஆளாக இருந்தால் திருப்பி ஒரு போடு போட்டிருப்பான். ஸ்தனிஸ்லாஸுக்குக் காது சுட்டது. பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்து, சக்கரை வாங்காமலே வீட்டுக்கு நடந்தார். கடைவீதியிலும் வாங்கவில்லை. சக்கரைப் பொட்டலத்தோடு தன்னை எவனாவது பார்த்தால், அடுத்த வருசத் தேனையும் பாகு என்பான் என்று அவருக்குப் பயம். அருள்ஜோதியையும் வாங்க விடவில்லை. வீட்டில் வெல்லம் போட்டுத்தான் டீ குடித்தார்கள்.

விற்க முடியாத தேன் ஜாடி ஜாடியாக மூலையில் இருந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது அதிலிருந்து மொண்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து, தோப்புக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"சக்கரத் தண்ணிதான வெக்கச் சொன்னாங்க அந்தப் பொண்ணு?" என்றாள் அருள்ஜோதி.

"அதுங்க கிட்ட எடுத்தத அதுங்களுக்கே குடுக்கறேன். கலப்படம்னு அதுங்க சொல்லாது இல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சோதனை முடிவு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

பூச்சிகள் ஆசையாகத்தான் குடித்தன. அப்புறம் பெட்டி முகப்பில் பழுப்புப் பழுப்பாகக் கறை விழ ஆரம்பித்தது. பூச்சிகள் வெளியே வந்து பறக்கமாட்டாமல் தரையில் ஊர்ந்தன, வயிறு உப்பியிருந்தது. தோப்பில் யாரோ மருந்து அடித்துவிட்டார்கள் என்று ஸ்தனிஸ்லாஸ் தோப்புக்காரரிடம் சண்டைக்குப் போனார். மழைக்காலத்தில் எவன் மருந்தடிப்பான் என்று அவர் திட்டி அனுப்பினார். சோர்ந்துபோயிற்றே என்று இவர் இன்னும் கொஞ்சம் தேனைக் கரைத்து வைத்தார். அதுவும் தீர்ந்தது.

பூங்கோதைக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் மழையில் நனைந்துகொண்டு திட்டக்குடி பஸ்ஸில் வந்தாள். பெட்டியைத் திறந்தபோது அடியில் பூச்சிகள் காய்ந்த திராட்சை மாதிரிக் குவிந்து கிடந்தன.

"தீனி என்னாங்க வெச்சீங்க?"

"தேன்தாம்மா. அதுங்களோட தேன்தான்."

"காச்சினதா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். தேனைச் சூடு பண்ணினால் அது பூச்சிக்கு விசம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். மனிதர் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது, பூச்சி தாங்காது என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட்டுக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்தனிஸ்லாஸ் ஈரத் தரையில் உட்கார்ந்து, செத்துக் கிடந்த பூச்சிகளைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டார். அழுதார். இருமலும் அழுகையும் ஒன்றாக வந்ததில் அவருக்கு மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆயிற்று. புதுப் பூச்சி கேட்டுப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள், கேட்டும் பார்த்தாள். கொடுத்ததைக் காப்பாற்றாதவர்களுக்குத் திரும்பக் கொடுக்க வழியில்லை என்றார்கள் சமூக சேவைக்காரர்கள்.

தை பிறந்தது, முந்திரி பூத்தது. தோப்பை ஒட்டிப் போனால் மணம் வரும் என்று ஸ்தனிஸ்லாஸ் பேட்டைக்கு வேறு வழியாகப் போனார். பூச்சியே இல்லை என்றான பிறகு பூ முடிகிறவரை என்ற தவணைக்கு என்ன பேச்சு, சூளையில் மச்சான் மகன் உட்கார்ந்திருந்தான். பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"அரவைதான்டா இருக்குது."

"அரவைக்கே வரேங்க."

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் அவர் வெள்ளையாக வீடு திரும்பியபோது வாசல் நிலையில், பழைய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆணி இருந்தது. அருள்ஜோதி எப்போது அடித்தாள் என்று அவர் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டினார். அவள் சோறு போட்டாள். பிச்சை எடுத்தாலும் பரவாயில்லை என்று ஒரு காலத்தில் சொன்னவள், அதை மறுபடி சொல்லவில்லை.

அதற்கு அடுத்த தவக்காலத்தில் அவரால் கோயில் படி ஏற முடியவில்லை. மறுபடி கடலூர், மறுபடி படம். பழைய படத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதன் உறை ஓரமெல்லாம் கிழிந்து, மேலே எழுதியிருந்த பெயரும் மழையில் கரைந்து போயிருந்தது. அருள்ஜோதி லேபிள் கட்டிலிருந்து சிலதை உருவி, சோற்றுப் பசை தடவி, கிழிந்த இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் வேறு காகிதம் இல்லை, அதோடு அதில் பெயரும் விலாசமும் சுத்தமாக அச்சில் இருந்தது.

ஆஸ்பத்திரிச் சிப்பந்தி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேன், நிகர எடை என்று வாய்க்குள் படித்துக் குழம்பி, கடைசியில் சத்தமாகக் கூப்பிட்டான்.

"அ. ஸ்தனிஸ்லாஸ் யாரு?"

முழுப் பெயரைக் கேட்டதும் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, அருள்ஜோதியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரை எழுதினார். சூடாகக் கஞ்சி குடிக்கச் சொன்னார். அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.